ஒலிபெருக்கிக்கு ஆடுபவரின் கால் தெரியாது: வெளிநாட்டு ஹங்கேரியச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கிளீவ்லாந்து, டொராண்டோ, சாவோ பாவ்லோ, சிட்னி என்று ஹங்கேரியர் குடியேறிய ஊர்களில் சங்கத்தையும் நடனக் குழுவையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்து வருபவர்கள் நீங்கள். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறோம்.

ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆண்கள் ஆடும் ‘லெகேன்யெஷ்’ என்ற கிராமிய ஆட்டத்தின் பாதியில் ஒலிப்பதிவு நின்றுபோனது. மேடையில் இருந்த எட்டு இளைஞர்களும் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். ‘சாதனக் கோளாறு’ என்று அறிவித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள். கோளாறு சாதனத்தில் இல்லை. இன்றைய ருமேனியாவில் உள்ள டிரான்சில்வேனியாவின் கலோடாசெக் வட்டாரத்து ஆட்டம் அது; அதற்கு மேடையில் ஒரு வயலின்காரர்கூட இல்லை, கோளாறு அதுதான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மாதம் ஒரு முறையாவது பயிற்சி வகுப்பு, ஆட்கள் நேரில் வாசிக்கும் இசையோடு நடக்க வேண்டும். வயலின், கொன்ட்ரா (துணைக்கு வாசிக்கும் மூன்று தந்தி வயோலா), பாஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி) என மூன்று பேர் போதும். அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? லெகேன்யெஷ் ஆடுபவர் இசைக்குழுவுக்கு முன்னால் வந்து, அவர்களைப் பார்த்துத்தான் ஆடுவார். ‘பொன்ட்’ என்பது ஆட்டத்தின் ஒரு பகுதி, பெரும்பாலும் எட்டு தாள அளவு நீளம். அதில் தொடக்கம் உண்டு, நடுவில் தொடையிலும் பூட்ஸிலும் கையால் அடிக்கும் அடிகள் உண்டு, கடைசியில் முடிப்பு உண்டு. எந்த அடி எங்கே வரும் என்பதை ஆடுபவர் அந்த நொடியில் முடிவு செய்கிறார். முதல் வயலின்காரரான ப்ரீமாஷ் அவருடைய காலை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கால் தடுமாறினால் அதே மெட்டைத் திருப்பி வாசிப்பார், மூச்சு வாங்கினால் வேகத்தை ஒரு பிடி குறைப்பார், உற்சாகம் ஏறினால் கூட்டுவார். ஒலிபெருக்கியால் இதில் எதுவும் ஆகாது. அதனால் பதிவை வைத்துப் பழகும் பிள்ளை ஆட்டத்தைக் கற்பதில்லை, அந்தப் பதிவை மனப்பாடம் செய்கிறது. வேறு வாசிப்பைப் போட்டுப் பாருங்கள், மூன்றாவது பொன்ட்டில் நின்றுவிடும்.

வயலினுக்கு ஆள் கிடைத்துவிடும். கிடைக்காதது கொன்ட்ரா. வயோலாவில் சி தந்தியைக் கழற்றிவிட்டு, ஜி, டி, ஏ மூன்றை மட்டும் வைத்து, ஏ தந்தியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிச் சுருதி சேர்த்த கருவி அது. தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான ‘குதிரை’யைத் தட்டையாகச் சீவியிருப்பதால் வில் மூன்று தந்திகளையும் ஒரே நேரத்தில் தொடும். சில சங்கங்களில் செலவை மிச்சப்படுத்த, பழைய வயோலாவின் குதிரையை மட்டும் சீவிவிட்டுக் கொன்ட்ரா தயார் என்கிறார்கள். வழக்கமான மெல்லிய ஏ தந்தியையே ஒரு ஸ்தாயி இறக்கினால் அது தொளதொளத்துப் போகும், நாதம் வராது. அந்த இடத்துக்குத் தடித்த தந்திதான் வேண்டும். விரல்பலகை நடுவில் மேடாக இருப்பதால், தட்டைக் குதிரையில் நடுத் தந்தி பலகையில் உரசி இரையும். பலகையையும் கொஞ்சம் சீவ வேண்டும். வயலின் பழுது பார்ப்பவருக்கு இது பெரிய வேலை இல்லை.

கருவி கிடைத்த பிறகும் வில்லை இழுத்து வாசிக்கும் வித்தை இருக்கிறது. சார்தாஷ் என்ற ஜோடி ஆட்டத்தில் மெதுவானதற்கு ‘டூவோ’ வேண்டும்: ஒரே வில் இழுப்பில் இரண்டு தட்டுகள், இரண்டாவதில் அழுத்தம். வேகமானதற்கு ‘எஸ்தம்’: தட்டில் பாஸ், தட்டுக்கு நடுவில் கொன்ட்ரா. இசைப்பள்ளியில் படித்து வருபவர்கள் எல்லாவற்றுக்கும் எஸ்தமையே போடுகிறார்கள். மெதுவான ஆட்டம் நொண்டுகிறது. டிரான்சில்வேனியாவின் இன்னொரு வட்டாரமான மெஜோஷேக்கின் பாட்டு மைனர் சுரவரிசையில் போனாலும் கொன்ட்ரா பெரும்பாலும் மேஜர் கார்டுகளையே (சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகள்) பிடிக்கும். அதைத் தவறென்று நினைத்துத் ‘திருத்துகிறார்கள்’. அந்த உரசல் போனால் மெஜோஷேக் போயிற்று. இதெல்லாம் எழுதிக் கொடுத்து வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துதான் வரும்.

இதற்குப் பணமில்லை என்கிறீர்கள். ஆனால் மணி கோத்த தலையணிகளுக்கும் புதுப் பூட்ஸுகளுக்கும் பணம் வருகிறது. உடையை நாங்கள் குறை சொல்லவில்லை. இசையை நிறுத்தி உடை வாங்குவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும். விழா அழைப்பிதழில் யுனெஸ்கோ அங்கீகாரம் என்று அச்சடிக்கிறீர்கள். 2011-இல் அந்த அங்கீகாரம் கிடைத்தது தான்ஸ்ஹாஸ் முறைக்கு. அதாவது கூடி ஆடி, கூடி வாசித்துக் கற்றுக்கொடுக்கும் முறைக்கு. 1972 மே 6 அன்று புடாபெஸ்டில் முதல் தான்ஸ்ஹாஸ் நடந்தபோது ஹல்மோஷ் பேலாவும் ஷெபோ ஃபெரென்ஸும் நேரில் வாசித்தார்கள். டிரான்சில்வேனியாவின் ஸேக் கிராமத்தில் ஆடுவதுபோலவே நகரத்திலும் ஆட வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த இசையை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த கிராமக் குழுக்களில் மிகப் பலர் ரோமா (ஜிப்சி) இனத்து இசைக்கலைஞர்கள். புடாபெஸ்டின் ஃபோனோ இசையரங்கில் 1997-இல் தொடங்கிய ‘கடைசி மணி நேரம்’ என்ற பதிவுத் திட்டத்தில் டிரான்சில்வேனியாவிலிருந்து வந்து வாசித்தவர்களிலும் அவர்களே அதிகம். அவர்கள் பதிவைப் போட்டு ஆடிவிட்டு, அவர்கள் பெயரை ஒரு வரி சொல்லாமல் விழாவை முடிப்பது எந்த நியாயம்?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே மறுபடி கேட்கிறோம்: மாதம் ஒரு வகுப்பாவது நேரில் வாசிக்கும் இசையோடு நடக்கட்டும். சங்கத்துக்கு ஒரு கொன்ட்ராவும் ஒரு பாஸும் வாங்குங்கள். தனியாக வாங்க முடியாவிட்டால் பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து வாங்குங்கள். வெளிநாட்டு ஹங்கேரியச் சமூகங்களுக்கு ஆட்களை அனுப்பும் ஹங்கேரி அரசின் கொரோஷி சோமா ஷாண்டோர் திட்டத்தின் கீழ் ஆள் கேட்டு விண்ணப்பிக்கும்போது, நடனம் சொல்லித் தருபவரோடு கொன்ட்ரா வாசிப்பவரும் வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளில் வயலினோ செல்லோவோ கற்பவர் இருவரையாவது அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எடுத்த முடிவை எங்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நடனமும் இசையும் கற்பிக்கும் ஆசிரியர்கள்