சின்னச் சன்னம் என்றால் விளையாட்டுச் சாமானா?

ஆசிரியருக்கு,

போன கிழமை உங்கள் பேப்பரில் உலகத்திலேயே சின்னத் துவக்குகளைப் பற்றி வந்த துணுக்கைக் கடை மேசையில் வைத்தே வாசித்தேன். நான் புதுக்குடியிருப்புப் பக்கம் மணிக்கூடு திருத்துகிறவன். கொலிப்ரி என்ற கைத்துவக்கைப் பற்றி அவ்வளவு எழுதியவர், அதைச் செய்தவர் எங்கள் தொழில்காரர் என்பதை மட்டும் விட்டுவிட்டார். ஒஸ்திரியாவில் ஃபிரான்ஸ் ஃபான்ல் என்ற மணிக்கூட்டுக்காரர் 1910இல் காப்புரிமை எடுத்து 1914இல் சந்தைக்கு விட்ட சாமான் அது. அதன் சன்னத்தின், அதாவது சுடுகிற குண்டின், அளவு 2.7 மில்லிமீட்டர், எடை 0.2 கிராம். இரண்டு குன்றிமணி எடைகூட வராது. அந்தக் காலத்தில் அவ்வளவு ஒடுங்கின குழாய்க்குள் சுருள் தவாளிப்பு வெட்ட வழி இல்லாததால் குழாயை வழுவழுப்பாகவே விட்டார்கள், அதனால் சன்னம் சுழலாமல் போகும், குறியும் சரியாக நிற்காது. ஒரு மில்லிமீட்டர் திருகாணியின் புரி தேய்ந்துபோனாலே கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அரைநாள் மினக்கெடுகிற எனக்கு அந்த மனிசன் பட்ட பாடு விளங்குகிறது.

சரி, இனித்தான் சண்டை. பொயின்ற் 22 துவக்கின் சன்னம் 22 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். அது அங்குலக் கணக்கு ஐயா, 0.22 அங்குலம், கிட்டத்தட்ட 5.6 மில்லிமீட்டர். 20 மில்லிமீட்டர் என்றாலே விமானத்தில் பூட்டுகிற பீரங்கி. குண்டு போடுகிற கிபிர் விமானத்துக்குக் கீழே பங்கருக்குள் கிடந்த சனம் வாசிக்கிற பேப்பரில் இப்படியா எழுதுவது?

அதைவிடப் பெரிய பிழை, துவக்குக் குழாயின் வாய் சின்னது என்றால் ஆபத்தும் சின்னது என்ற மாதிரி முடித்தது. கொலிப்ரிக்கு அது பொருந்தும், அதன் வேகம் விநாடிக்கு 200 மீட்டர், சக்தி 4 ஜூல்தான். குரங்கு கலைக்கிற எயார் றைபிளே அதைவிடக் கூட அடிக்கும். ஆனால் பொயின்ற் 22உம் இராணுவத் துவக்கின் 5.56 மில்லிமீட்டர் ரவையும், அதாவது தோட்டாவும், வாயளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது 140 ஜூல் அளவில் நிற்க, மற்றது 1600ஐத் தாண்டிப் போகும். ரவையின் பித்தளைக் கோதின் நீளத்தையும் உள்ளே கிடக்கிற வெடிமருந்தையும் பார்க்காமல் வாயை மட்டும் அளந்து என்ன பிரயோசனம்?

சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறின புதிதில், பக்கத்து வளவுப் பொடியன் ஒருத்தன் ஒரு ரவையை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். பித்தளை கறுத்து, அடியில் மண் ஒட்டிக் கிடந்தது. "மாமா, சாமணத்தால நுனியைக் கழட்டித் தாங்கோ, சங்கிலியில கோக்கப் போறன், சின்னது தானே" என்றான். அடியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் ஊசி குத்தின குழி இல்லை. வெடிக்காத ரவை! அதுக்குப் பிறகு அதைக் கையால் தொடாமல் அவனை வெளியே கூட்டிக்கொண்டுபோய், கடையைப் பூட்டிவிட்டு, மிதிவெடி எடுக்கிற ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வரும் வரைக்கும் வாசலில் நின்றபடி அவனுக்குப் பேச்சுத்தான். அவனோ சங்கிலி போச்சே என்று அழுதான்.

உங்கள் பேப்பரை அவனைப் போலப் பொடியளும் வாசிக்கிறார்கள். வாற கிழமை அந்த 22 மில்லிமீட்டரைத் திருத்திப் போடுங்கள், ஃபான்லின் பெயரையும் சேர்த்து.

மணிக்கூடு திருத்துகிறவன்,
புதுக்குடியிருப்பு