டிசம்பர் பனிச்சறுக்குப் பயணம் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர்ப் பயண முகவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் ஜப்பானின் ஹொக்கைடோ, நாகானோ, அல்லது கொரியா என்று குடும்பம் குடும்பமாக அனுப்பி வைக்கிறீர்கள். அதில் நம் தமிழ்க் குடும்பங்களும் நிறைய. பிள்ளைகளுக்கு ஸ்கீ வகுப்பு, பாட்டிக்கு வெந்நீர் ஊற்று, சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சாப்பாடு என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். ஆனால் போகிற வாரத்தில் மலையில் பனி எப்படி இருக்கும் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அண்மையில் ஒரு பயணக் கண்காட்சியில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, டிசம்பர் முதல் வாரம் போனா பனி இருக்குமா?" கவுன்டரில் இருந்தவர் கையேட்டைத் திருப்பிக் காட்டினார். இடுப்பளவு பனி, நீல வானம், வெள்ளை போர்த்திய மரங்கள். "கண்டிப்பா இருக்கும்க்கா, இதோ பாருங்க." அந்தப் படத்தில் இருப்பது ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரிப் பனி. அந்த அம்மா முன்பணம் கட்டிவிட்டுப் போனார்.

நம் பள்ளி நாட்காட்டிக்கும் பனிக்கும் ஒத்துப்போவதில்லை. நீண்ட விடுமுறை இரண்டும் பருவம் தொடங்கும் நேரத்தில்தான் வருகின்றன. நவம்பர் பிற்பாதியும் டிசம்பரும் ஜப்பானுக்குத் தொடக்கம். ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தொடக்கம். பனி நன்றாகத் திரண்டிருக்கும் ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூலை, ஆகஸ்டிலும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். இதை மாற்ற உங்களால் முடியாது. சொல்ல முடியும்.

ஹொக்கைடோவின் பனி பிறக்கும் விதமே இதற்குக் காரணம். சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, அதைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் மோதி மேலே ஏறும்போது அந்த ஈரம் பனியாகக் கொட்டுகிறது. அதே சைபீரியக் குளிர்காற்று வேகமெடுத்துத் தென்சீனக் கடல்வரை இறங்கும்போதுதான் இங்கே நமக்கு வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் ஊற்றுகிறது. ஹொக்கைடோவில் அந்தக் காற்று வாரக்கணக்கில் வீசினால்தான் புல்லும் புதரும் மூடி, சறுக்கத் தோதான அடிப்பனி சேரும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஹொக்கைடோவின் நிசேகோ போன்ற சறுக்குத்தளங்களில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். டிசம்பர் முதல் வாரத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் போய்விடலாம் என்று நீங்கள் விற்கும் காலா யுசாவா சறுக்குத்தளம், வழக்கமாக டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகுதான் திறக்கிறது. 2019-20 குளிர்காலம் ஜப்பானில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. பனிக்குப் பேர்போன ஜப்பான் கடலோரப் பகுதிகளிலேயே அந்த ஆண்டு பனி மிகக் குறைவு.

கொரியாவின் கதை வேறு. அங்கே குளிர் கடுமை, ஆனால் காற்று வறண்டது. சறுக்குத்தளங்கள் பெரிதும் செயற்கைப் பனியை நம்பியே ஓடுகின்றன. அதற்கும் வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இரவு இதமாக இருந்தால் இயந்திரங்கள் சும்மா நிற்கும்.

இனி, சறுக்குத்தளங்கள் வெளியிடும் பனி அறிக்கை. "உச்சி 90 செ.மீ., அடிவாரம் 25 செ.மீ., புதுப்பனி 0, பதின்மூன்றில் நான்கு லிஃப்ட்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். (லிஃப்ட் என்பது சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் தொங்கு இருக்கை.) விளம்பரத்தில் 90 மட்டும்தான் வரும். முதல்முறை ஸ்கீ மாட்டும் பிள்ளை நிற்கப்போவது அடிவாரத்தில், அந்த 25 சென்டிமீட்டரில். புதுப்பனி இல்லை என்றால் காலையில் தளம் இறுகிக் கிடக்கும், விழுந்தால் வலிக்கும். நான்கு லிஃப்டுதான் ஓடுகிறது என்றால் வந்த கூட்டம் மொத்தமும் அந்த நான்கில். ஒரு வரியில் இத்தனை சேதி இருக்கிறது. வாடிக்கையாளரிடம் அதைப் படித்துக் காட்டுவதற்கு எவ்வளவு நேரமாகிவிடும்?

வானிலை முன்னறிவிப்பிலும் இதே சிக்கல்தான். கைபேசியில் நிசேகோவுக்கு நம்மவர்கள் பார்ப்பது பெரும்பாலும் குட்சான் நகரின் வெப்பநிலை. அந்த ஊர் 200 மீட்டர் உயரம்கூட இல்லை. நிசேகோவின் சறுக்குமலையான அன்னுபுரியின் உச்சியோ 1,308 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊரில் 2 டிகிரி என்றால் கீழே மழையாகவோ சகதியாகவோ இருக்கும், மேலே நல்ல பனி பெய்துகொண்டிருக்கும். அதனால் வெப்பநிலையைவிட, பூச்சியம் டிகிரி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது உச்சிக்கு மேலே போய் மழையும் பெய்து, இரவில் மீண்டும் உறைந்தால், மறுநாள் தளம் முழுக்கப் பனிக்கட்டி.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால் உடலுக்கு அது மைனஸ் 21 போலத் தெரியும். உச்சி லிஃப்டுகளை முதலில் நிறுத்த வைப்பதும் காற்றுதான். எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்பதை மூன்று நாள்வரை ஓரளவு நம்பலாம். பத்து நாளுக்கு அப்பால் வருவதை வெறும் போக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பே "அந்த வாரம் செம பனி" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். கையேட்டுப் படத்தின் கீழே அது எந்த மாதம் எடுத்தது என்று அச்சிடுங்கள். நீங்கள் விற்கும் வாரத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் அடிவாரத்தில் எவ்வளவு பனி இருந்தது, எத்தனை லிஃப்ட் ஓடியது என்பதைச் சறுக்குத்தளத்திடம் கேட்டு வாங்கிக் கவுன்டரில் வையுங்கள். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு அன்றைய பனி அறிக்கையை அனுப்புங்கள். பனி போதவில்லை என்றால் ஸ்கீ வகுப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கயிறு கட்டி மூடிய பகுதிக்குள் நுழையக் கூடாது என்பதையும், பனிச்சரிவு எச்சரிக்கை என்றால் என்ன என்பதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே தமிழிலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. மார்ச் மாதத்து ஒரு வார விடுமுறையை ஏன் யாரும் விற்பதில்லை? அப்போது ஹொக்கைடோ மலைகளில் அடிப்பனி ஆழமாகவே இருக்கும். காலையில் இறுகி, மதியம் இளகும் வசந்தகாலப் பனிதான், தூள்பனி குறைவு. ஆனால் குளிர் அவ்வளவு கடிக்காது, முதன்முதலாகக் கற்கும் பிள்ளைக்கு அது தோதான நேரம். அந்த அம்மா மாதிரி ஒருவர் அடுத்த முறை வந்து டிசம்பர் முதல் வாரத்தைக் கேட்டால், மார்ச் விலையையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். எது வேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்