ஏற்காட்டிலும் வீட்டோடு தங்க வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன தை மாதம் நானும் என் கணவரும் இலங்கைக்குப் போய் வந்தோம். கண்டியிலிருந்து மலை ரயிலில் எல்ல என்ற ஊருக்குப் போனோம். அங்கே ஒரு சிங்களக் குடும்பம் தங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறது. நாங்கள் இறங்கும்போது நல்ல மழை. வீட்டுக்காரர் இரண்டு குடையோடு ஸ்டேஷனிலேயே நின்றிருந்தார்.

அவர் மனைவிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் அம்மா, அக்கா என்ற சொற்கள் அங்கேயும் அதேதான். நான் 'அக்கா' என்றதும் கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிப் போய்விட்டார். காலையில் சின்னச் சின்னப் பிரம்புத் தட்டுகளில் இடியப்பம் பிழிந்து அடுக்கி வேகவைத்தார். சம்பலுக்கு மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் எடுத்து வைத்திருந்தார். நாங்கள் சைவம் என்று சைகையில் சொன்னேன். உடனே அம்மியைக் கழுவிவிட்டு, மாசி சேர்க்காமல் எங்களுக்குத் தனியாக அரைத்தார். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து அடுப்போரம் காயவைத்தது அந்த வீட்டுப் பையன். 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அவனே கூட்டிப் போனான்.

எனக்கு அங்கே ஏற்காட்டு நினைப்புதான். இரண்டு வருடம் முன்பு என் தங்கை குடும்பத்தோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் ஒரு விடுதியில் தங்கினோம். குழந்தைக்கு வெந்நீர் கேட்க ராத்திரி ஓர் ஆள் இல்லை. சுற்றிலும் காபித் தோட்டம், கொடுத்தது பாக்கெட் காபித்தூள். மனசு ஆறவே இல்லை.

நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் வாசலில் காபிப் பழம் காயப்போடும் வீடுகள் எத்தனை இருக்கின்றன! மிளகும் பலாவும் அவர்கள் தோட்டத்திலேயே விளைகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே (வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும்) திட்டத்தில் 6 அறை வரை பதிவு செய்யலாம், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. எல்லயில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வீட்டு மனிதர்கள் கூடவே இருந்ததால்தான். ஆனால் மலைக் கிராமத்தில் இருப்பவர் இந்த விண்ணப்பத்தைத் தேடி எங்கே அலைவார்?

கோடை விழா வருகிறது. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் சுற்றுலாத் துறை அங்கேயே ஒரு மேசை போட்டு, விண்ணப்பத்தை நிரப்பவும் உதவி செய்தால் போதும். நாங்களே முதல் ஆளாகப் போய்த் தங்கத் தயார்.

– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்