மாத்திரை எழுதிக் கொடுத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகள் வேலை செய்யாமல் போவதைப் பற்றிப் பெரிய கட்டுரை ஒன்று வந்திருந்தது. நல்ல விஷயம். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்ற கணக்கையும் சரியாகவே போட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கட்டுரையாளர் கடைசியில் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தார்: “மக்களின் அறியாமையும் அலட்சியமுமே இந்நிலைக்கு முழுக் காரணம்.” முழுக் காரணமாம்! கட்டுரையாளரும் ஒரு டாக்டர் என்பதைப் பெயருக்கு முன்னால் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஓர் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் கல்ச்சர் பிரிவில்தான், அதாவது கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற பிரிவில்தான் வேலை. சிறுநீர், சளி, சீழ், ரத்தம் என்று வருவதில் வளரும் கிருமியைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கிருமி வளர்க்கும் அகார் தட்டு முழுக்கப் பூசுவோம். மருந்து ஊறிய சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை அதன் மேல் வைத்து ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். மருந்து கேட்கிற கிருமியாக இருந்தால், காலையில் அந்தக் காகிதத்தைச் சுற்றி எதுவும் வளராமல் தெளிவான வட்டம் விழுந்திருக்கும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து, கேட்டால் ‘எஸ்’, கேட்காவிட்டால் ‘ஆர்’ என்று எழுதி அனுப்புவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுநீர்த் தொற்றுக் கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வைத்தால் பக்கத்து வட்டத்தோடு இடிக்கும் அளவுக்குப் பெரிய வட்டம் விழும். ஓய்வு பெறும் சமயத்தில் அதே சிப்ரோ காகிதத்தின் ஓரம் வரைக்கும் கிருமி ஒட்டி வளர்ந்து நிற்பதைத் தட்டுக்குத் தட்டு பார்த்தேன். ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்த சாம்பிள்களின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் ஊசி போட ஆரம்பித்துவிட்டு, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அப்புறம் எடுத்து அனுப்பிய ரத்தம். அதில் என்ன வளரும்? வார்டு ஜன்னலில் மத்தியானம் வரை வெயிலில் காய்ந்த சிறுநீர் டப்பா. அதில் எல்லாமே வளரும். ரிசல்ட் மூன்றாம் நாள் வரும். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார், தாள் கேஸ் ஷீட்டுக்குள் சொருகப்பட்டு ரெக்கார்டு அறைக்குப் போய்விடும். இதில் பொதுமக்களின் அலட்சியம் எந்த இடத்தில் வருகிறது என்று கட்டுரையாளரிடம் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.

என் அக்கா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. உங்கள் மருத்துவப் பக்கத்தைக் கத்தரித்து ஃபைல் போட்டு வைக்கிற வாசகி. சர்க்கரை நோயாளி. அவளுக்கு நீர்க்கடுப்பு வரும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் கிளினிக்குக்குத்தான் போனாள். மெடிக்கலில் தானாக ஒரு மாத்திரையும் வாங்கியதில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆன்டிபயாடிக் எழுதினார். கல்ச்சர் எடுக்கச் சொன்னதே இல்லை. “எதுக்கும்மா வீண் செலவு?” என்பாராம். மாத்திரை போட்டால் நிற்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். கடைசியில் குளிரும் காய்ச்சலுமாகத் தனியார் மருத்துவமனையில் சேர்த்து நான் சண்டை போட்டபிறகுதான் கல்ச்சர் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை நானே வாங்கிப் பார்த்தேன். வாயால் சாப்பிடக்கூடிய மருந்து என்று இருந்த வரிசை முழுக்க ஆர். கீழே மெரோபெனெமும் இன்னும் ஓரிரண்டு ஊசிகளும் மட்டும் எஸ். வேளாவேளைக்கு டிரிப்பில் அந்த ஊசி ஏற்றித்தான் அவளைக் காப்பாற்றினோம். பில் கட்ட வளையல் அடகுக்குப் போனது. இப்போது உங்கள் பேப்பரைப் படித்துவிட்டு அவள் என்னைக் கேட்கிறாள்: “நான் அறியாமையா, அலட்சியமா, ரெண்டுல எதுடி?”

சரி, மெடிக்கலில் செட் மாத்திரை வாங்குகிறவர்களைப் பற்றி. வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. காய்ச்சல் என்றதும் கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பார் (சில சமயம் உங்கள் பேப்பர்தான் அந்தக் கவர்). அதில் ஒன்று ஆன்டிபயாடிக். பெயர் வெட்டுப்பட்டுப் போயிருக்கும், வாங்குகிறவருக்கு எது என்ன என்றே தெரியாது. ஆனால் வெட்டுகிறவருக்குத் தெரியுமே! சித்தாள் வேலைக்குப் போகிற பெண் என்ன செய்வாள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டு காலையில்தான், போனால் அன்றைய கூலி போச்சு. தனியாரிடம் போனால் ஃபீஸ். ‘ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க’ என்று அவள் கேட்பதை அறியாமை என்று உங்களால் எழுத முடிகிறது.

சட்டம் இருக்கிறது, நீங்கள் அறியாததல்ல. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து எச்1 அட்டவணை (டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்) அமலில் இருக்கிறது. செஃபிக்சைம், மெரோபெனெம் உட்படப் பல ஆன்டிபயாடிக்குகள் அதில் உண்டு. விற்றால் சீட்டு எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு எப்படி இருக்கும் என்று உங்கள் நிருபர்களில் ஒருவராவது ஒரு கடையில் கேட்டுப் பார்த்திருக்கிறாரா? நான் கேட்டேன். “நீங்க இன்ஸ்பெக்டரா?” என்று பதில் வந்தது. அதே கடைதான் உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் எல்லா மருந்துக்கும் தள்ளுபடி என்று கால் பக்க விளம்பரம் கொடுக்கிறது.

டாக்டர்கள் பக்கமும் தவறு உண்டு என்பது என் கண்டுபிடிப்பு அல்ல. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவ சங்கமே அறிக்கை விட்டது: பருவக் காய்ச்சல், சளி, இருமலுக்கு ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள், அசித்ரோமைசினும் அமாக்சிக்ளாவும் தேவையில்லாமல் போகின்றன என்று. அடுத்த ஜனவரியில் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி, ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் குறிப்பிடச் சொன்னது. சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் ஒப்புக்கொள்ள முடிந்தது, உங்கள் கட்டுரையாளருக்குத்தான் மனசு வரவில்லை.

கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போக மக்கள் கை படாத காரணங்கள் இன்னும் இருக்கின்றன. ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில் சிப்ரோஃப்ளாக்சசின் எவ்வளவு இருந்தது என்று 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. மருந்து சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு கொடுக்கிற கோலிஸ்டினை, கோழி கொழுக்க வேண்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தது இந்த நாடு. 2019 ஜூலையில்தான் தடை வந்தது. நாமக்கல் இருக்கும் மாநிலத்தில் அச்சாகிற உங்கள் கட்டுரையில் கோழி என்ற பேச்சே இல்லை. 2010இல் என்டிஎம்-1 (மெரோபெனெம் போன்ற மருந்துகளையே உடைத்துவிடும், நியூ டெல்லி பெயர் வைத்த கிருமி நொதி) பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தில் கட்டுரை வந்தபோது அதை எழுதியவர்களில் முதல் பெயர் நம் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவருடையது, கிருமிகளில் ஒரு பகுதி சென்னையில் எடுத்தவை. நாடு முழுக்கச் சண்டை எதற்கு நடந்தது? டெல்லியின் பெயரை எப்படி வைக்கலாம் என்று. லான்செட் ஆசிரியர் அதற்கு மன்னிப்பும் கேட்டார். கிருமி யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, இங்கேயே இருக்கிறது. 2012இல் மருத்துவ சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக் கேட்காமல் போவதைத் தடுக்கச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் பெயரில் இப்படி ஒன்று இருப்பதே இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளத்துக்காரர்கள் 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்று சொல்லி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிற கடைகளைத் தேடிப்போய்ச் சோதனை போட்டார்கள். நாம் நவம்பர் 18 முதல் 24 வரை விழிப்புணர்வு வாரம் என்று நர்சிங் மாணவிகளை வெயிலில் பதாகை பிடிக்க வைக்கிறோம், நீங்களும் படம் போடுகிறீர்கள்.

படம் என்றதும்தான் கேட்க வந்தது நினைவுக்கு வருகிறது. ஆன்டிபயாடிக் அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016 முதல் சொல்லிவருகிறது. உங்கள் கட்டுரையிலும் ‘சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள்’ என்று ஓர் அட்டையின் படம் போட்டிருந்தீர்கள். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில்! கோடு சாம்பல் நிறத்தில் விலை அச்சடித்த எழுத்தோடு கலந்து கிடந்தது. என் அக்கா பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாள். அந்தப் படத்தை ஒரு முறை வண்ணப் பக்கத்தில் போடுங்கள். கூடவே, கடைக்காரர் அட்டையை வெட்டும்போது ‘முழு அட்டையைக் காட்டுங்க’ என்று கேட்கலாம், கிளினிக்கில் ‘இதில் ஆன்டிபயாடிக் எது, எதுக்குன்னு சொல்லுங்க டாக்டர்’ என்று கேட்கலாம் என்று இரண்டு வரி சேருங்கள். முதல் பக்கம் நகைக்கடைக்காரர்களுடையது என்று தெரியும். ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கம் கிடைத்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
மன்னார்குடி.