கயிறு இன்னும் வேப்பமரத்தில்தான் இருக்கிறது, அண்ணா

வேலூர் கொசப்பேட்டைத் தெருக்காரர்களுக்கும், காட்பாடியில் எங்களைச் சேர்த்துக்கொண்ட புது அக்கம்பக்கத்துக்கும் வணக்கம்.

வீடு மாறி இன்றோடு 9 நாள். என்ன பாடு பட்டோம் என்று உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்ல மனம் வரவில்லை. அட்டைப்பெட்டி கொடுத்தவர்கள், அத்தையை இரண்டு நாள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், அடுப்பில்லாத அன்று இட்லி கொடுத்தனுப்பியவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் இந்தக் கடிதம் முக்கியமாகக் குட்டி யானை ஓட்டி வந்த அண்ணனுக்கு. பதற்றத்தில் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வீடு தேடிய நாளெல்லாம் காலை 5.30 மணிக்கு நாங்கள் நால்வரும் கோட்டைக்குப் போய்விடுவோம். வெயில் ஏறுமுன் அகழியோரம் நடை, ஜலகண்டேஸ்வரருக்கு ஒரு கும்பிடு. நடக்கும்போது வாடகை, அட்வான்ஸ் பேச்சு கூடாது என்பது மகள் போட்ட சட்டம். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களைத் தாங்கியது. சாமான் கட்ட ஆரம்பித்த வாரம் அதுவும் நின்றுபோனது. வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தோம். பையன் பேசுவதையே விட்டுவிட்டான்.

லோடு ஏற்றிய அன்று, ஷட்டில் பேட்டும் ஸ்கிப்பிங் கயிறும் இருந்த பையைப் பீரோ சந்தில் திணிக்கப் போனேன். அந்த அண்ணன் தடுத்தார். "இது லோடுல போவ வேணாம்மா, எங்கிட்ட குடு. பசங்களுக்கு மொதல்ல இதான் வேணும்." பையைத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டினார்.

புது வீட்டு வாசலில் வண்டி நின்றது. நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், லோடு கட்டிய கயிற்றை அவிழ்த்து, கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே நெட் மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறார்! "பத்து நிமிசம்மா. கட்டில் எங்கியும் ஓடிடாது." பையன் கையில் ஒரு பேட், அவர் கையில் ஒன்று. மூன்றாவது அடியில் பந்து சன்ஷேடில் மாட்டியது. அதைப் பார்த்து என் பிள்ளை சிரித்தான். எத்தனை நாள் கழித்து! என் வீட்டுக்காரரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பாயிண்ட் எண்ணினார். சாமானெல்லாம் வண்டியிலேயே இருந்தது.

பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் வேலை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மொத்தமாகச் செய்ய வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கணக்குதான். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், எல்லாம் ஒதுங்கட்டும், பிறகு பார்ப்போம் என்றிருந்தேன். இனி அப்படித் தள்ளிப்போட மாட்டேன். பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோட்டைக்கு வருவோம். பழைய தெருக்காரர்கள் அங்கே வந்தால் பார்க்கலாம்.

அண்ணா, அன்று கயிற்றை அவிழ்த்துத் தர வந்தபோது "இருக்கட்டும்மா" என்று போய்விட்டீர்கள். பத்திரமாக இருக்கிறது. இந்தப் பக்கம் லோடு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டம் ஆடிய பிறகுதான் தருவேன் என்கிறான் பையன்.