முட்டைக்குள் ரொபிக்குப் பதிலாக எதை வைக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிர்த்த ஞாயிறன்று பிள்ளைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு வைப்போர் பெரும்பாலும் பிளாஸ்டிக் முட்டைக்குள் ரொபியையும் சொக்லேட்டையும்தான் நிரப்புகிறார்கள். நம்மூர் ஏப்ரல் வெயிலில் சொக்லேட் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். முட்டையில் உள்ள சிறு துளைகளால் எறும்பு உள்ளே போய்விடும். போதாக்குறைக்குச் சித்திரைப் புத்தாண்டுப் பலகாரமும் பல வருடங்களில் அதே நாட்களில் வீடு நிறைந்து கிடக்கும். இனிப்புக்குப் பதிலாக வாங்கும் குட்டி விசிலும் மோதிரமும் மறுநாளே குப்பைக்குப் போகின்றன. எதை வைப்பதென்று முட்டையின் அளவையும் பிள்ளையின் வயதையும் பார்த்து முடிவு செய்தபின் கடைக்குப் போவது நல்லது.

சாதாரண பிளாஸ்டிக் முட்டை சுமார் 6 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் அகலம். பென்சிலும் கிறேயனும் அதற்குள் அடங்கா. அழிறப்பர், சாப்னர், இரண்டாக முறித்த நிற வெண்கட்டி, தலைமுடிக் கிளிப் ஆகியவை அடங்கும். பெரிய பொருளுக்குச் சீட்டு வைக்கலாம்: ‘ஒரு பட்டம்’, ‘கல்லடிக் கடற்கரையில் ஒரு மாலை’. சீட்டில் எழுதியதை அந்த வாரமே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் சீட்டைக் கண்டதும் பிள்ளை உதட்டைப் பிதுக்கும்.

எங்கள் முதல் தெரிவு விதை. வெண்டி, பயற்றை, கீரை மூன்றும் தண்ணீர் விட்டால் இந்த வெயிலிலும் வரும். முட்டைக்கு ஐந்து வெண்டி அல்லது பயற்றை விதை, கீரையென்றால் ஒரு சிட்டிகை. கடதாசியில் மடித்துப் பெயரையும் நடும் ஆழத்தையும் எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் 2 சென்ரிமீற்றர் ஆழம். கீரையைத் தூவி மேலே மெல்லியதாக மண் போட்டால் போதும். இளஞ்சிவப்போ நீலமோ பூசிய கடை விதை வேண்டவே வேண்டாம். அந்த நிறம் பெரும்பாலும் பூஞ்சண மருந்து பூசியதன் அடையாளம், பிள்ளையின் கையோ அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். வீட்டில் காயவைத்து எடுத்த விதையே நல்லது. ஒரு வாரம் முன்பு பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுங்கள். முளைக்காத விதையைக் கொடுப்பதைவிட ரொபியே மேல்! அழகாக இருக்கிறதென்று குன்றிமணியையோ ஆமணக்கு விதையையோ வைத்துவிடாதீர்கள். மென்று விழுங்கினால் இரண்டுமே உயிருக்கு ஆபத்தான நஞ்சு.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் படத்துண்டுகள் பொருந்தும். ஏ4 தாளின் பாதியில் வரைந்த படத்தைப் பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒட்டி, நீளவாட்டில் எட்டாகவும் அகலவாட்டில் நாலாகவும் வெட்டினால் 32 துண்டு. எட்டு முட்டைக்கு நந்நாலு. இதைவிடப் பெரிதாக வெட்டினால் மூலை இடிக்கும், ஏனென்றால் முட்டை முனையில் ஒடுங்குகிறது. பசையின் ஈரத்தால் மட்டை வளையாமலிருக்க, ஒட்டியதும் மேலே புத்தகங்களை ஏற்றி ஓரிரவு விட்டபின் வெட்டுங்கள். ஒரு முட்டை தொலைந்தாலும் படம் நிறைவேறாது. ஆகவே முட்டைகளுக்கு இலக்கமிட்டு, எதை எங்கே ஒளித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இயேசு உயிர்த்தெழுந்த வெறுங்கல்லறையைக் காட்ட ஒரு முட்டையை வெறுமையாக விடுவோர் அதைத் தேடலில் சேர்க்காமல் கடைசியில் பெரியவரே திறந்து காட்டட்டும். சின்னப்பிள்ளைக்கு அது கிடைத்தால் அழுகைதான் மிஞ்சும்.

மூன்று வயதுக்குக் குறைந்தவர்களின் தொண்டையை, 3 சென்ரிமீற்றர் சொச்சம் அகலமான குழாய்க்குள் அடங்கும் எந்தப் பொருளும் அடைக்கக்கூடும். முட்டைக்குள் போகிறவற்றில் பெரும்பாலானவை அந்த அளவுதான். அவர்களுக்கு மடித்த கைக்குட்டை அல்லது காலுறை வையுங்கள். பலூன், காந்தம், தண்ணீரில் ஊதிப் பெருக்கும் மணிகள், பட்டன் பற்றரி போட்ட ஒளிரும் பொம்மை எந்த வயதுக்கும் வேண்டாம். விழுங்கிய பட்டன் பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும்.

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளை இழந்த ஊர் எங்கள் மட்டக்களப்பு. ஆகவே ஆலய வளவில் விளையாட்டு வைப்பதைப் பெற்றோருக்கும் வாசலில் காவலுக்கு நிற்போருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். முட்டையைத் தவிர வேறெந்தப் பொதியையும் தொடக்கூடாதென்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

முடிந்ததும் முட்டைப் பாதிகளை எண்ணிப் பொறுக்குங்கள். வேலியோரம் கிடக்கும் ஒரு பாதியில் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிட அதுவே போதும்.

இங்ஙனம்,
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
மட்டக்களப்பு.