மாங்கூழ் ஆலைப் படத்தை முடிக்கக் கைகொடுங்கள்

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் சீசன் வேலைக்குப் போகும் பெண்கள் சிலரும், நாடகம், சினிமா என்று அலையும் நாங்கள் சிலரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துவருகிறோம். முக்கால்வாசி முடிந்துவிட்டது. மீதிக்குக் கையில் பணம் இல்லை.

கதை இதுதான். பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும் மாதங்களில் தினக்கூலிக்குச் சேர்கிறாள் ஒரு பெண். மாம்பால் பட்டு விரல் வெந்துபோகும் வேலை யாருக்கு, ஓவர்டைம் யாருக்கு, நாளைக்கு யார் வர வேண்டாம், எல்லாம் சூப்பர்வைசரின் நோட்டில் இருக்கிறது. அவனுக்கு அவள்மேல் ஆசை. அவளுக்கும் அவன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒருநாள் 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுக்கும்போது அந்த நோட்டுதான் அவள் கண்முன் வருகிறது. அப்படியானால் முன்பு சொன்ன 'சரி' மனதாரச் சொன்னதுதானா? படம் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

பணம் போட வந்த ஒருவர், சூப்பர்வைசரை வில்லனாக்கிக் கடைசியில் நாலு அடி வாங்க வைக்கச் சொன்னார். மறுத்துவிட்டோம். எங்களோடு உட்கார்ந்து கதை பேசிய பெண்கள் சொன்ன ஆள் வேறு. டீ வாங்கித் தருவான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வண்டியில் கொண்டுபோய் விடுவான். அவனிடம்தான் மறுப்புச் சொல்வது கஷ்டம். 2013ஆம் ஆண்டு வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தினக்கூலிப் பெண்களுக்கும் பொருந்தும். பொதுவாக 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சீசனே ஏறக்குறைய அவ்வளவுதான். அடுத்த வருஷமும் அதே கேட்டில் போய் நிற்க வேண்டியவள் எப்படி வாய் திறப்பாள்?

ஆலை ஓடும் காட்சிகளை ஜூனிலேயே எடுத்துவிட்டோம். ஆபீஸ் அறைக் காட்சிகள் 4 நாள் பாக்கி. அப்புறம் எடிட்டிங், டப்பிங். மெஷின் இரைச்சலில் பேச்சு எதுவும் சரியாகப் பதிவாகவில்லை. மொத்தம் 3,40,000 ரூபாய் வேண்டும். நடிக்கும் பெண்களுக்கு ஆலைக் கூலிக்குக் குறையாமல் கொடுக்கிறோம். எது குறைந்தாலும் அதில் கைவைக்க மாட்டோம்.

1976இல் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு 'மந்தன்' என்ற இந்திப் படத்தை எடுக்க வைத்தார்கள். நம் ஊரிலும் 50, 100 என்று சேர்ந்தால் இந்தப் படம் முடிந்துவிடும்.

எங்களில் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டை எப்போது கேட்டாலும் காட்டுவோம். ஆலை வேலைக்குப் போகிறவர்கள் கொடுத்தால் ரசீதிலும் படத்திலும் பெயர் எழுத மாட்டோம். அடுத்த சீசனுக்குக் காய் இறங்குவதற்குள் முடித்து, முதலில் அவர்களுக்குத்தான் போட்டுக் காட்டப்போகிறோம்.